வீமனுக்குப் பக்கத்தில் ஓர் இடம்

"வீமன், சிவத்தி, நான் ரவுணுக்குப் போட்டு வாறன். வீட்டைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று விடைபெற்றுக்கொண்டுதான் வாகீசன் ஓட்டோவைக் கிளப்புவார். குசினிக்குள் நிற்கும் மனைவியிடம் சொல்ல மறந்த நாட்கள் உண்டு. நாய்களிடம் சொல்ல மறந்ததில்லை. ஒருநாள் அவசர ஓட்டம் ஒன்றுக்குச் சொல்லாமல் புறப்பட்டுக் கண்டி வீதி வரை போனவர், பின்னால் இருந்தவரிடம் "ஐயா, ஒரு சாமான் விட்டிட்டு வந்திட்டன்" என்று பொய் சொல்லித் திரும்பி வந்து, படலைக்கு மேலால் தலையை நீட்டி விடைபெற்றுவிட்டுப் போயிருக்கிறார். நாய்கள் இரண்டும் அன்றைக்கு வாலைக்கூட ஆட்டவில்லை. அதை அவர் பெரிதாக எடுக்கவில்லை.

கண்டி வீதியிலிருந்து கடல்நீரேரிப் பக்கமாக இறங்கும் அரியாலை ஒழுங்கை ஒன்றில் அவருடைய வீடு. ஐம்பதைத் தாண்டிய மெலிந்த உடம்பு. காலையில் பூசிய திருநீறு மாலைவரை நெற்றியில் நிற்கும். வியர்வையைத் துடைத்தாலும் அதைச் சுற்றித்தான் துடைப்பார். ஓட்டோவில் ஏறுகிறவர்கள் காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். யாராவது முகம் சுளித்தால், "எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குத்தானே" என்பார், கோபமில்லாமல். சட்டை காயப் போடவும் முறை, தேங்காய் திருவவும் முறை, நாய்க்குச் சோறு வைக்கவும் முறை. வீமன் இந்த வீட்டுக்குச் சிவத்தியைவிட நாலைந்து நாள் முந்தி வந்தது, ஆகவே அதுதான் மூத்தது, முதற் கோப்பை அதற்கு. மனைவி ஞானாம்பிகை மறதியாக மாற்றி வைத்துவிட்டால், இரண்டு கோப்பையையும் தூக்கி முதலிலிருந்து திரும்ப வைப்பார்.

வீமன் கறுப்பும் வெள்ளையுமான ஆண் நாய். பெயருக்கு ஏற்ற உடம்பு ஒரு காலத்தில் இருந்தது. இப்போது எழும்பும்போது பின்னங்கால்கள் யோசித்துத்தான் நிமிரும். இரண்டு கண்ணிலும் பால் படர்ந்துவிட்டது. சிவத்தி செம்மண் நிறப் பெட்டை. வந்த நாளிலிருந்து இரண்டும் விறாந்தையில் முதுகோடு முதுகு ஒட்டித்தான் படுக்கும். போன மாரியில் வீமன் சுகமில்லாமல் படுத்து எழும்பாமல் கிடந்தபோது சிவத்தியும் சாப்பாட்டை விட்டுவிட்டது. ஞானாம்பிகை சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வீமன் எழும்பித் தண்ணீர் குடித்த பிறகுதான் சிவத்தியும் கோப்பைக்கு வந்தது. அந்த நாட்களில்தான் வாகீசனுக்குள் ஒரு பயம் புகுந்தது. வீமன் ஒருநாள் போய்விடும். அதைத் தடுக்க முடியாது. ஆனால் அதன் பின்னாலேயே சிவத்தியும் போய்விடுமே என்ற நினைப்பை அவரால் தாங்க முடியவில்லை. வீமனின் இடம் வெறுமையாகும் முன்னமே அங்கே இன்னொரு சூடு வந்து படுக்கவேண்டும் என்று முடிவு செய்தார்.

இதை மனைவியிடம் அப்படியே சொல்ல வெட்கம். "ஒரு குட்டி எடுப்பம் எண்டு பாக்கிறன், காவலுக்கு" என்றார்.

"காவலுக்கோ? இஞ்சை களவெடுக்க என்ன கிடக்கு, உங்கடை ஓட்டோவோ?" என்றாள் ஞானாம்பிகை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வீமன் படுத்துக் கிடந்த நாட்களில் இந்த மனிதன் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்ததைக் கண்டவள் அவள்.

குட்டி கிடைத்த இடம் குருநகர். அங்கே மக்டலீன் என்று ஒரு மீன்காரி; வாகீசனைவிட மூத்தவள், வாய்க்குப் பூட்டில்லாதவள். காலையில் மீன் சந்தையிலிருந்து அவளையும் அவளுடைய பெரிய அலுமினியப் பேசினையும் ஏற்றிக்கொண்டு அரியாலை ஒழுங்கைகளில் சுற்றுவது வாகீசனின் வழமையான ஓட்டம். பேசினுக்குக் கீழே விரிக்கவென்றே ஒரு தடித்த பொலித்தீன் வைத்திருக்கிறார். ஓட்டம் முடிய அதையும் கழுவி, ஓட்டோவையும் கழுவுவார். நல்லூர் முருகன் கோயிலில் கொடி ஏறினால் மாத்திரம் அந்த ஓட்டத்தை வேறொரு ஓட்டோக்காரருக்குக் கைமாற்றிவிடுவார். திருவிழா முடியுமட்டும் மீன் ஏற்றுவதில்லை. மக்டலீன் அதற்குக் கோவிப்பதில்லை. "வருசத்திலை ஒருக்கா நீர் என்னைத் தள்ளி வைக்கிறீர் தம்பி. எனக்கு இது பழகிப்போச்சு" என்று சந்தை முழுக்கக் கேட்கச் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் மீன் வெட்டும் மேசைக்குக் கீழே பிறந்து, மீன் தலையும் குடலும் தின்று வளர்ந்த குட்டிகளில் ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருந்தாள். மண்ணிற உடம்பு, நெஞ்சில் வெள்ளை, ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் கிடந்த கடுவன் குட்டி. கொடி இறங்கின பிறகு வந்து எடுப்பதென்பதுதான் வாகீசனின் திட்டம். ஆனால் மக்டலீன் வீட்டாருக்கு அது மடு மாதா கோயில் திருவிழாக் காலம். கூடாரமும் சட்டி பானையுமாகக் குடும்பத்தோடு புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். "எங்கடை வீட்டிலை ஒரு குஞ்சும் நிக்காது தம்பி. மற்றக் குட்டியள் எல்லாம் போட்டுது. நீர் இண்டைக்கே கொண்டுபோம்" என்று குட்டியைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டாள். மறுநாள் நல்லூரில் கொடியேற்றம்.

யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் மீன், இறைச்சியென்று மச்சத்துக்கு ஒரு சட்டி, சைவத்துக்கு ஒரு சட்டி. அன்றைக்குக் காலையில்தான் ஞானாம்பிகை வீட்டை மூலை முடுக்கெல்லாம் கழுவி, மச்சச் சட்டிகளைச் சாக்கில் கட்டி விறகுக் கொட்டில் வளையில் தூக்கியிருந்தாள். நாய்களுக்கும் நாளையிலிருந்து பருப்பும் பூசணிக்காயும் பிசைந்த சோறுதான். ஒவ்வொரு வருடமும் இரண்டும் முதல் நாள் கோப்பையை முகர்ந்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்க்கும். "என்னைப் பாத்து என்ன செய்யிறது? முருகனைக் கேளுங்கோ" என்பாள்.

அப்படிக் கழுவிக் காய்ந்த வீட்டுக்குள் மீன் வாடையைக் காற்றில் பரப்பிக்கொண்டு குட்டி வந்து இறங்கியது. "என்னப்பா உது! இப்பதானே நான் வீடு கழுவி முடிச்சனான்!" என்று ஞானாம்பிகை குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள். வாகீசன் குட்டியை நேரே கிணற்றடிக்குக் கொண்டுபோனார். தனக்கென்று வாங்கி வைத்திருந்த சந்தன சவர்க்காரத்தைத் தேய்த்துத் தோய வார்த்தார். முகர்ந்து பார்த்தார். திரும்பவும் வார்த்தார். வீமனுக்கும் சிவத்திக்கும் அறிமுகம் செய்தது அதற்குப் பிறகுதான்.

அங்கேதான் பிழை விட்டார். அது பிழை என்று அவருக்குத் தெரியாது. விரதகாரன் வீட்டுக்குள் மீன் வாடை நிற்கக் கூடாது என்பதைத் தவிர அவருக்கு அன்றைக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

வீமன் முகர்ந்தது. கண் மங்கின பிறகு அதற்கு ஊர் உலகமெல்லாம் மூக்கு வழியாகத்தான். சந்தனமும் பூவும் மணக்கும் ஒரு சாமான் நாலு காலில் நடந்து வருகிறது. அது நாயா, கோயிலுக்குப் புறப்பட்ட ஆளா என்று பிடிபடவில்லை. இரண்டு தரம் தும்மிவிட்டு உறுமியது. சிவத்தி கிட்டவே வரவில்லை.

"எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு" என்று வாகீசன் தன்னைத்தானே தேற்றிக்கொண்டு, குட்டியைப் பழக்கத் தொடங்கினார். முதலில் கூடையால் மூடி விறாந்தை மூலையில் வைத்தார், மற்ற இரண்டும் தூர நின்று பார்த்துப் பழகட்டும் என்று. பிறகு மூன்றையும் சேர்த்து ஒழுங்கையில் நடத்திக்கொண்டு போனார், ஆளுக்கொரு பக்கமாக, தான் நடுவில். சோறு வைக்கும்போது வீமனுக்கு முதலில், அடுத்தது சிவத்திக்கு, கடைசியாகக் குட்டிக்கு. குட்டி கெட்டிக்காரன். "இரு" என்றால் இருந்தது. மூத்திரம் வந்தால் படலையடிக்கு ஓடியது. ஓட்டோவின் இருக்கைத் துணியைக் கடிக்கக் கூடாது என்பதை மாத்திரம் அரைகுறையாகத்தான் ஒத்துக்கொண்டது.

இத்தனைக்கும் நடுவில் ஒவ்வொரு நாள் பின்னேரமும் நல்லூருக்குப் புறப்படும் முன் குட்டியைத் தோய வார்ப்பதை அவர் விடவில்லை. "மீன் மணம் தோலுக்குள்ளை நிண்டிட்டுது, லேசிலை போகாது" என்பார். வேறெவருடைய மூக்குக்கும் அது எட்டவில்லை. தன் பழைய வேட்டித் துண்டால் துவட்டி, கை விரலில் மிஞ்சிய திருநீற்றை அதன் நெற்றியிலும் ஒரு இழுவை இழுத்துவிடுவார்.

"பிறகென்ன, காவடியும் எடுக்கச் சொல்லுங்கோ" என்றாள் ஞானாம்பிகை.

குட்டி எல்லாம் பழகியது; பழசுகள் இரண்டும்தான் பழகவில்லை. குட்டி வீமனின் பக்கத்தில் போய் ஒண்டப் பார்க்கும். வீமன் உதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டும். குட்டி விலகி, கொஞ்ச நேரத்தில் மறந்துபோய், திரும்பவும் போகும். சிவத்தி செய்தது இன்னும் மோசம். விறாந்தையே வேண்டாம் என்று இறங்கிப்போய் வேலியோரத் தேசிக்காய் மரத்தின் கீழ் படுத்துக்கொண்டது. கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டும், வராது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக வீமன் விறாந்தையில் தனியாகப் படுத்தது. அது முதுகை நகர்த்தி நகர்த்திச் சுவரைத் தேடியதை வாகீசன் பார்த்தார். இரண்டையும் பிரிய விடக் கூடாதென்று குட்டியைக் கொண்டுவந்தார். வந்த குட்டியே இரண்டையும் பிரித்துவிட்டது.

பிறகொரு நாள் காலையில் வீமன் கடித்துவிட்டது. பெரிய காயமில்லை, மடிந்த காதின் நுனி கிழிந்து இரத்தம். குட்டியின் கத்தலுக்கு அயல் வீட்டு வேலியில் தலைகள் முளைத்தன. ஞானாம்பிகைதான் மடியில் வைத்து மஞ்சள் அப்பினாள். அப்பி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, நான் குட்டியைக் குறை சொல்லேல்லை. நல்ல குட்டி. ஆனா உந்த வயசு போனதுகளை இந்த நேரத்திலை ஏன் வருத்துவான்? வீமன் இருக்கிற கொஞ்ச நாளும் நிம்மதியா இருக்கட்டும். மக்டலீன் அக்கா மடுவாலை வந்த உடனை குடுத்துவிடுங்கோ."

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. "ஓம்" என்றார். குட்டி மஞ்சள் காதோடு வந்து அவர் கால் பெருவிரலை நக்கியது. அவர் காலை இழுத்துக்கொண்டார். பிரிவதென்று முடிவானபின் பாசம் வைக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

வாகீசன் வருடா வருடம் திருவிழாக் காலத்தில் நல்லூர் வெளி வீதியில் விடியற்காலை ஈர வேட்டியோடு பிரதட்டை உருளுகிறவர். மணலில் உருண்டுகொண்டே கேட்க வேண்டியதைக் கேட்பார். மகளுக்குக் கலியாணம் சரிவந்ததும், அவள் கிளிநொச்சியில் வீடு கட்டியதும் அப்படிக் கேட்டவைதான் என்பது அவர் நம்பிக்கை. இந்த வருடம் என்ன நேர்த்தி என்று கூட உருண்டவர்கள் விசாரித்தபோது, "சும்மா, குடும்ப நன்மைக்கு" என்றார். ஒரு நாய்க்கு இன்னொரு நாயோடு மனம் ஒத்துப்போக வேண்டுமென்று முருகனிடம் கேட்கிறேன் என்று சொன்னால் நல்லூர் வீதி சிரிக்காதா?

மடுவால் வந்த மக்டலீன் இரண்டு நாளில் வியாபாரத்துக்கு இறங்கிவிட்டாள். அன்றைக்குப் பிற்பகல் மீனெல்லாம் விற்று முடிந்து, வெறும் பேசினோடு மற்ற ஓட்டோவில் ஒழுங்கைக்கு வந்தாள். திருவிழாக் காலத்தில் மீன் பேசினோடு சைவ வீட்டுப் படலைக்குள் காலெடுத்து வைக்க மாட்டாள். பேசினை வெளியே பூவரசு மரத்தடியில் இறக்கிவிட்டுக் குரல் கொடுத்தாள். ஞானாம்பிகை ஓடிவந்தாள். மக்டலீன் சேலை முந்தானையில் முடிந்திருந்த சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"மடு மண். வளவைச் சுத்தித் தூவும் பிள்ளை, பாம்பு பூச்சி அண்டாது."

ஞானாம்பிகை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மெதுவாக விசயத்தைச் சொன்னாள். கடித்த காதையும் சொன்னாள், தேசிக்காய் மரத்தையும் சொன்னாள்.

"அதுக்கென்ன, நான் கூட்டிக்கொண்டு போறன். எங்கடை வீட்டிலை ஒரு வாய்க்குச் சோறில்லையோ" என்றாள் மக்டலீன்.

வாகீசன் அப்போதுதான் தோய்ந்துவிட்டுக் கிணற்றடியிலிருந்து வந்துகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, மார்பிலும் நெற்றியிலும் திருநீறு, தோளில் சால்வை. பின்னேரப் பூசைக்குப் புறப்பட்ட கோலம். குட்டிக்கு இனித்தான் தோய வார்க்க வேண்டும். படலையடியில் பேசினதெல்லாம் காதில் விழுந்தது. போக விடத்தான் வேண்டும் என்று தெரிந்துதான் படலைப் பக்கம் நடந்தார். அதற்குள் பழைய குரலைக் கேட்ட குட்டி, படலை இடுக்கால் நுழைந்து வெளியே பாய்ந்தது. மக்டலீனிடம் கூடப் போகவில்லை. நேரே பேசினுக்குள் விழுந்து, அடியில் கிடந்த மீன் தண்ணீரில் முதுகு, வயிறு, தலை என்று புரண்டு எழுந்தது. பிறந்த வீட்டுக்கே போய்விட்ட சந்தோசம் அதற்கு.

"எட, உதைப் பாரன்!" என்று மக்டலீன் குனிந்து தூக்கப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு அவள் கையிலிருந்து தப்பி, வந்த இடுக்காலேயே வளவுக்குள் ஓடியது. ஓடி, விறாந்தையில் ஏறி, வழக்கம்போல எதையும் நினைவில் வைக்காமல், வீமனுக்கு முன்னால் போய் நின்றது.

"வீமன்!" என்று வாகீசன் கத்தினார். கத்தின குரல் அவருக்கே பயமாயிருந்தது.

வீமன் தலையைத் தூக்கியது. மூக்கு அசைந்தது. பின்னங்கால்கள் வழக்கத்தைவிட விரைவாக நிமிர்ந்தன. குட்டியின் முகத்தை முகர்ந்தது, கழுத்தை முகர்ந்தது, வயிற்றுக்குக் கீழே மூக்கை நுழைத்து நிதானமாக முகர்ந்தது. கொடி ஏறின நாளிலிருந்து பருப்புச் சோறு தின்ற நாய். நாக்கை நீட்டி ஒரு நக்கு. பிறகு இன்னொன்று. குட்டி நிற்க முடியாமல் மல்லாக்க விழுந்து நாலு காலையும் தூக்கிக் கொடுத்தது. வீமன் முன்னங்காலால் அதை அமத்திப் பிடித்துக்கொண்டு, தாய் நாய் செய்வதுபோல நெஞ்சிலிருந்து வால் வரைக்கும் நக்கியது. கிழிந்த காதுக்கு வந்தபோது கொஞ்சம் நின்று, அதை மெதுவாக நக்கியது.

வேலியோரம் இலைகள் சரசரத்தன. தேசிக்காய் மரத்தடியிலிருந்து சிவத்தி எழும்பி, காற்றை முகர்ந்து முகர்ந்து முற்றத்தைக் கடந்து வந்தது. விறாந்தைப் படியில் ஒரு கணம் தயங்கியது. பிறகு ஏறி, குட்டியின் மறுபக்கத்தில் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டு, அதன் பின்பக்கத்தைத் தன் பங்காக எடுத்துக்கொண்டது.

"பாவங்கள்! விரதம் பிடிச்சு நாக்குச் செத்துப்போச்சுதுகள்" என்று மக்டலீன் படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஞானாம்பிகைக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சேலைத் தலைப்பால் இரண்டையும் மறைத்தாள். கூட்டிக்கொண்டு போவதைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை. மக்டலீன் பேசினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அப்ப நான் போட்டு வாறன் தம்பி. கொடி இறங்க என்னை ஏத்த வாரும்" என்றாள்.

வாகீசன் தலையை ஆட்டினார். இத்தனை நாளும் தன் கையாலேயே தேய்த்துத் தேய்த்து எதைக் கழுவித் துரத்தினோம் என்பது இப்போதுதான் அவருக்கு விளங்கியது.

நக்கு வாங்கி முடிந்த குட்டி, எச்சிலும் மீன் தண்ணீரும் சொட்டச் சொட்ட அவரை நோக்கி ஓடிவந்து, முன்னங்கால்களைத் தூக்கி வெள்ளை வேட்டியில் பாய்ந்தது. முழங்காலில் இரண்டு அடையாளம் விழுந்தது.

"ஐயோ, பூசைக்கு உடுத்த வேட்டி!" என்றாள் ஞானாம்பிகை. சவர்க்காரப் பெட்டியை எடுத்து நீட்டினாள். "நேரம் போட்டுது, உதைக் கெதியாத் தோய வாத்துப்போட்டு வேட்டியை மாத்துங்கோ."

அவர் சவர்க்காரத்தை வாங்கவில்லை. குனிந்து குட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். திருநீறு பூசிய மார்போடு அணைத்துக்கொண்டு விறாந்தைக்குப் போய், வீமனுக்கும் சிவத்திக்கும் இடையில் கிடந்த இடத்தில் அதை மெல்ல இறக்கிவிட்டார். இரண்டும் உறுமுகின்றனவா என்று கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றார். உறுமவில்லை. அதன் பிறகு கிணற்றடிக்கு நடந்து, வாளியை இறக்கி நிறைய அள்ளி, உடுத்த வேட்டியோடு தன் தலையில் வார்த்துக்கொண்டார்.